முன்னறைச் சூடு

சுவருக்குள் என்ன இருக்கும் என்று யோகராணி அதுவரை ஒருநாளும் யோசித்ததில்லை. சுவர் என்றால் சுவர், இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் மழை, அவ்வளவுதான். காலையில் வந்த மோரீன் என்ற அந்த வெள்ளைக்காரப் பெண்தான் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வாசல் பக்கத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "இது ஒரு சுவர் இல்லை, இரண்டு. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. நடுவில் வெறும் இடம். அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா, முன்பே யாராவது பஞ்சு அடைத்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும்" என்று சொன்னாள். வயதுபோனவர்கள் இருக்கிற வீடுகளைச் சூடாக்கவும், சுவரையும் கூரையையும் குளிருக்கு அடைத்துக் கொடுக்கவும் அரசாங்கம் உதவி செய்கிறது. அந்த உதவி இந்த வீட்டுக்குப் பொருந்துமா என்று பார்த்து எழுதுவது அவளுடைய வேலை. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், நரையை மறைக்காத தலை, முழங்காலில் பிடிப்பு, குனியும்போதெல்லாம் மெல்ல முனகுகிறாள். யோகராணி அவளைப் பின்தொடர்ந்து நடந்தாள், கண் மட்டும் சுவரைவிட்டு வரவில்லை. இரண்டு சுவர். நடுவில் ஒரு இடம். அதற்குள் ஒருவரும் போனதில்லை, வீடு கட்டியவன் கடைசிக் கல்லை வைத்து மூடிய பிறகு வெளிச்சம்கூடப் போயிராது. ஷெஃபீல்ட் நகரத்தின் இந்த மேட்டுத் தெருவில் அக்காவும் அத்தானும் வீடு வாங்கி எத்தனை காலம், அக்கா இந்தச் சுவரில் ஆணி அடித்துச் சாமிப்படம் மாட்டினா, நோய் வருத்தத்தோடு இதே சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தா, கடைசியில் இதையெல்லாம் விட்டுப் போயும் விட்டா, ஆனால் இப்படி ஒரு இடம் இருக்கிற விஷயம் அவவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பா? "அப்ப வெங்காயம் வைக்க நல்ல இடமடி" என்றுதான் சொல்லியிருப்பா. யோகராணிக்குச் சிரிப்பு வந்தது. மோரீன் திரும்பிப் பார்த்தாள். இவள் ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

"வீட்டில் இருப்பது யார் யார்?" என்று மோரீன் கேட்டது அத்தானைப் பார்த்து. குலசேகரம் அத்தான் முன்னறையில் காஸ் ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரையில், இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேல் போர்வையும் போர்வைக்கு மேல் ஆங்கிலமுமாக உட்கார்ந்திருந்தார். இந்த வீட்டில் வெளியாருக்குப் பதில் சொல்வது அவர்தான். ரொட்டிப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் அடுப்படியில் நின்று வேலை செய்து ஓய்வெடுத்த மனிதர் என்றாலும் ஆங்கிலம் பேசும்போது மட்டும் ஒரு பள்ளிக்கூட அதிபர் வந்துவிடுவார். "நானும், காலம்சென்ற என் மனைவியின் தங்கையும்" என்றார். மனைவியின் தங்கை. அது யோகராணிதான், ஆனால் ஆங்கிலத்தில் கேட்கும்போது யாரோ தூரத்து ஆள் மாதிரி இருந்தது, இன்னும் வந்து சேராத ஒருத்தி, ரயிலில் வந்துகொண்டிருக்கிற ஒருத்தி. மோரீன் அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். இந்த இடத்தைத்தான் யோகராணி இரண்டு நாளாக நினைத்து நினைத்துக் கலங்கிக்கொண்டிருந்தாள். முன்னறையில் இரண்டு கட்டில்கள். யன்னலோரம் அவருடையது, உட்சுவரோரம் இவளுடையது, நடுவில் ஹீட்டரும் கதிரைகளும் மருந்துப் பெட்டியும் இரண்டு சோடிக் கண்ணாடிகளும். தொடக்கத்தில் ஒரு பழைய சேலையைக் கயிற்றில் போட்டுக் குறுக்கே மறைப்புக் கட்டியிருந்தாள். ஒருநாள் ஆணி பிடுங்கிக்கொண்டு விழுந்தது. அவர் திரும்ப அடிக்கவில்லை, அவளும் அடிக்கச் சொல்லவில்லை, சேலையை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். மோரீன் முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை. கைக்கணினியில் ஏதோ தட்டிவிட்டு, "வீட்டில் சூடு இருப்பது இந்த ஓர் அறையில் மட்டும்தானா?" என்று கேட்டாள். "இது மட்டும்தான்" என்றார் அத்தான், ஏதோ சாதித்தவர் மாதிரி.

இது மட்டும்தான். அதற்குக் காரணம் அக்கா. அக்காவுக்குக் குளிர் என்ற ஒன்றே கிடையாது. உறைபனி விழுந்து கிடக்கிற மார்கழியிலும் மீன் பொரித்த மணம் போகட்டும் என்று குசினி யன்னலை விரியத் திறந்துவிட்டு நூல்சேலையோடு நிற்பா. அவ இருந்தவரைக்கும் இந்த வீட்டுக்கு, அறையறையாகச் சூடு பரப்புகிற பொயிலரோ ரேடியேட்டரோ தேவைப்படவில்லை, அல்லது தேவைப்படுகிறது என்று சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அத்தான் இரண்டு சுவெட்டருக்குள் இருந்தபடி "அடுத்த வருசம் பாப்பம்" என்பார். அடுத்த வருசம் என்றே காலம் போயிற்று. பிறகு அக்காவுக்கு வருத்தம் வந்தது, பார்க்க ஆள் வேண்டும் என்று லண்டனில் இருந்து யோகராணியைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வேலையை விட்டுவிட்டு ஒரு சூட்கேசோடு வந்தாள். அக்கா போன பிறகு, காரியங்கள் முடியட்டும் என்று நின்றாள். பிறகு, மனிதர் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கட்டும் என்று நின்றாள். போன தை மாதம் மாடியில், அந்த ஈரக்குளிர் அறையில், அத்தானுக்கு நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவாகிப் போயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்து விடும்போது, இனி அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள் என்று சொல்லித்தான் விட்டார்கள். அவருடைய கட்டில் கீழே வந்தது. அவர் மூச்சுவிடுகிற சத்தம் மாடிக்குக் கேட்காது என்று இவளுடைய கட்டிலும் கீழே வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் இல்லாமல் அவள் தன் வாழ்க்கையில் ஒரு இடத்திலும் இருந்ததில்லை. கொழும்பில் ஒன்றுவிட்ட அண்ணரின் பிள்ளைகளைப் பார்க்க இருந்தாள், லண்டனில் அம்மாவைப் பார்க்க இருந்தாள், யாருக்காவது தேவை என்றால் அங்கே அவளுடைய சூட்கேஸ் போய் நிற்கும், தேவை முடிந்ததும் சூட்கேஸ் மூடும். கலியாணம் பேசி வந்தவர்களுக்கும் அப்படித்தான் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தட்டிக் கழித்துவிட்டார்கள், சொன்னது யார் என்பதுகூட இப்போது நினைவில்லை. சூடான வீட்டில், சுகமாக இருக்கிற ஒரு மனிதருக்குப் பக்கத்தில் இருக்க என்ன காரணம்? கேள்வி காலில் குத்திய நெருஞ்சி மாதிரி, நடக்க நடக்க. மோரீன் படியேறத் தொடங்கியிருந்தாள். யோகராணியும் ஏறினாள்.

பாதிப் படியில் குளிர் வந்து காலைப் பிடித்தது. அந்தப் படியை அவளுக்குத் தெரியும், கீழ்வீட்டுச் சூடு முடிகிற இடம் அதுதான், எல்லைக்கல் மாதிரி. மோரீனும் அந்த இடத்தில் நின்று மூச்சுவிட்டாள். "குளிர் இங்கேயிருந்துதான் கீழே இறங்குது" என்று யோகராணி சொன்னாள், தன்னுடைய சலவைக்கூடத்து ஆங்கிலத்தில். மோரீன் சிரித்தாள். "இல்லை, குளிர் எங்கேயும் போவதில்லை. போவது சூடுதான். சூடு எப்போதும் குளிரைத் தேடிக்கொண்டு போகும். உங்கள் முன்னறைச் சூடு கதவுக்குக் கீழால் வந்து, படியேறி, இந்தக் கூரைவழியே வானத்துக்குப் போகிறது. அதைப் போகாமல் பண்ணுவதுதான் எங்கள் வேலை." யோகராணி அந்தப் படியிலேயே நின்றுவிட்டாள். அறுபத்தெட்டு வயதுவரை குளிர்தான் உள்ளே வருகிறது என்று நம்பியிருந்தாள். யன்னல் இடுக்கில் துணி திணித்தது குளிர் வராமல் இருக்க, கதவடியில் பழைய துவாயைச் சுருட்டி வைத்தது குளிர் வராமல் இருக்க. இப்போது பார்த்தால் வந்தது ஒன்றுமில்லை, போனதுதான் எல்லாம். சூடு ஏன் சும்மா இருக்காது? தனக்குச் சொந்தமான இடத்தில் இருந்துகொண்டு சுகமாக இருக்கலாமே, எதற்காகக் குளிரைத் தேடிக்கொண்டு போகிறது? அப்படியென்றால் கட்டிலில் கால் விறைத்துக் கிடந்த நாட்களில் அவளுடைய சூடு அவளைவிட்டு எங்கேயெல்லாம் போயிருக்கும்? மாடியின் பின்னறை அவளுடையது. மோரீன் கதவைத் தள்ளினாள். கட்டில் இருந்த இடத்தில் கம்பளம் வேறு நிறமாக இருந்தது, கட்டிலின் வடிவத்திலேயே. மூலையில் கூரையோரம் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். மோரீன் கையில் இருந்த கருவியை அமுக்க ஒரு சிவப்புப் பொட்டு எதிர்ச்சுவரில் போய் உட்கார்ந்தது, அறையின் நீளம் திரையில் வந்தது. தொடாமல் எப்படி அளக்கிறது? வெளிச்சம் போய்த் திரும்பி வருகிற நேரத்தை வைத்து அளக்கிறது என்றாள் மோரீன். யோகராணிக்கு அதுவும் அதிசயமாக இருந்தது. தான் படுத்த அறையைத் தானே அந்நியமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். இங்கே யாரோ ஒருத்தி படுத்திருக்கிறாள், அவள் மூச்சு யன்னல் கண்ணாடியில் நீராக வடிந்திருக்கிறது, காலையில் அதைத் துணியால் துடைத்திருக்கிறாள். பாவம் அவள், என்று நினைத்தாள், தன்னைப்பற்றி நினைக்கிறோம் என்பது கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

சலவைக்கூடத்தில் குளிரே கிடையாது. பெரிய உருளைகளுக்கு நடுவால் படுக்கைவிரிப்புகள் வெந்து வெளியே வரும், ஆவி முகத்தில் அடிக்கும், மார்கழியிலும் வியர்வை. விரிப்பு மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். இந்த மூலையை ஒருத்தி பிடிக்க அந்த மூலையை மற்றவள் பிடிப்பாள், இழுத்து உதறி, கிட்ட வந்து விரல் விரலில் பட மூலையைக் கொடுத்து, திரும்பத் தூரப் போய், திரும்பக் கிட்ட வந்து. நாள் முழுக்க அந்த நடைதான். கீழே முன்னறையில் இப்போது அத்தானோடு அதைச் செய்கிறாள். மனிதருக்குச் சரியாக வராது, மூலையை மாற்றிப் பிடிப்பார், விரிப்பு முறுக்கிக்கொள்ளும். "நீங்கள் விடுங்கோ அத்தான், நான் மடிக்கிறன்" என்றால் விடமாட்டார், "பொறு ராணி, பிடிபட்டிட்டுது" என்பார், பிடிபட்டிருக்காது. போன மாசி மாதம் ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியில் இருந்து வந்து கொஞ்ச நாளில், அவர் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தார், இவள் தன் கட்டிலில் சாய்ந்திருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தாள். "செல்வம்" என்று கூப்பிட்டார். நித்திரையில்தான், ஆனால் தெளிவாக, வீட்டுக் கதவின் திறப்பை எங்கே வைத்தாய் என்று கேட்கப்போகிறவர் மாதிரி. செல்வநாயகி அக்காவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். யோகராணி "ஓம்" என்றாள். யோசித்துச் சொல்லவில்லை, கூப்பிட்டால் யாராவது ஒருவர் பதில் சொல்லத்தானே வேண்டும், வீட்டில் வேறு ஆளில்லை. அவர் திரும்பிப் படுத்து நல்ல நித்திரையாகிவிட்டார். அவளுக்குத்தான் பேப்பரில் அதற்குப் பிறகு ஒரு வரியும் ஓடவில்லை. அடுத்த நாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, ஹீட்டரைப் பார்த்தபடி, "உன்ர குரல் கொக்காவின்ர குரல் மாதிரி இல்லை" என்று அக்காவைப் பற்றிச் சொன்னார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை, பிஸ்கற்றை நனைத்துச் சாப்பிட்டார். இன்றுவரைக்கும் அது அவளுக்கு விளங்கவில்லை. ஏன் மறுமொழி சொன்னாய் என்று கோபித்தாரா? சொன்னது நல்லது என்றாரா? அல்லது எதற்குமே சம்பந்தமில்லாமல், இவள் காலையில் தொலைபேசியில் பேசியதைக் கேட்டுவிட்டுச் சும்மா சொன்னாரா? மாதிரி இல்லை. இல்லை என்றால் குறைவா, வேறா? கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் "எப்ப சொன்னனான்?" என்று கேட்பார், அதற்குப் பிறகு அந்த வசனமும் இல்லாமல் போய்விடும். கேட்காமல் வைத்திருந்தால் குறைந்தபட்சம் அது இருக்கிறது.

வெளியே துளை போடுகிற சத்தம். மோரீன் சுவரில் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் சாந்து இருக்கிற இடமாகப் பார்த்து, சுண்டுவிரல் பருமனில் ஒரு ஓட்டை போட்டாள். எலி வால் மாதிரி நீண்ட ஒரு வயரை அதற்குள் விட்டாள், வயரின் நுனியில் ஒரு சிறிய கமெராவும் விளக்கும். படம் அவள் கையில் இருந்த சிறிய திரையில் தெரிந்தது. "வாருங்கள், பார்க்கலாம்" என்றாள். யோகராணி வெளியே வந்து குனிந்து பார்த்தாள். முதலில் ஒன்றும் விளங்கவில்லை, பிறகு விளங்கியது: இரண்டு பக்கமும் செங்கல், நடுவில் சின்னச் சந்து மாதிரி ஒடுங்கிய ஒரு ஒழுங்கை, மேலே போகப் போக இருட்டு. கட்டும்போது வழிந்த சாந்து அப்படியே சொட்டுச் சொட்டாகக் காய்ந்து நின்றது. கொத்தனின் கரண்டி தட்டிவிட்ட அந்தச் சொட்டு, அவனும் செத்து எத்தனை காலமாயிருக்கும், இன்னும் விழாமல் நிற்கிறது. ஒரு பழைய சிலந்திவலை, சிலந்தி இல்லாமல். உள்ளே எப்படிப் போனது? எதைச் சாப்பிட்டது? "காலிதான்" என்று மோரீன் திருப்தியோடு சொன்னாள். "பஞ்சு அடைக்கலாம். உங்கள் வீடு பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்." "எங்கே, எங்கே" என்று பின்னால் சத்தம் கேட்டது. அத்தான் மேற்கோட்டைச் சாரத்துக்கு மேல் போட்டுக்கொண்டு, சப்பாத்துக்குள் பாதிக் காலோடு வந்து நின்றார். "நெஞ்சில குளிர் பிடிக்கும், உள்ளுக்குப் போங்கோ" என்றாள். "பொறு, நானும் பாக்கத்தானே வேணும்." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குக் கிட்ட வந்தார். திரை சின்னது, அவளும் விலகவில்லை. அவருடைய மூச்சில் காலையில் குடித்த கொத்தமல்லித் தண்ணி மணந்தது. ஐப்பசி வெயில் முதுகில் விழுந்தும் விழாத மாதிரி இருந்தது. "இவ்வளவு காலமும் இது இப்பிடியே இருந்திருக்கு" என்றார், ஆங்கிலத்தில் இல்லை, தமிழில், மெல்ல. "நாங்கள் பக்கத்தில இருந்தும் தெரியேல்லை, பாத்தியோ." "ஓம்" என்றாள். சொன்ன பிறகுதான் இது அன்றைக்குச் சொன்ன அதே சொல் என்று நினைவு வந்தது, ஆனால் அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே தொலைபேசி அடித்தது. சுகந்தி. அத்தானின் ஒரே மகள், லண்டனில் இருக்கிறாள். விண்ணப்பத்தை நிரப்பியது, அப்பாவின் மருத்துவக் கடிதத்தை எடுத்துப் போட்டது, திரும்பத் திரும்பத் தொலைபேசி எடுத்துக் கேட்டது எல்லாம் அவள்தான், வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில். "சின்னம்மா, அந்த மனிசி வந்திட்டாவோ?" "வந்து சுவரில ஓட்டையும் போட்டாச்சு பிள்ளை." "என்னவாம்?" "பொருந்துமாம்." "அப்பாடா" என்று சுகந்தி மூச்சுவிட்டது கேட்டது. "எல்லா அறைக்கும் ரேடியேட்டர் கேளுங்கோ சின்னம்மா. மாடியில ரெண்டு அறைக்கும். அப்பா தன்ர அறைக்குப் போகலாம், நீங்கள் உங்கட அறைக்குப் போகலாம். முன்னறையும் முன்னறையா இருக்கும். ஆக்கள் வாற வீடு." "ஆர் பிள்ளை வருகினம்?" "நான் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை, சின்னம்மா." "தெரியும் பிள்ளை." "உங்களுக்கும் ஒரு வசதி வேணும்தானே. எத்தினை நாளைக்கு அப்பாவின்ர இருமலைக் கேட்டுக்கொண்டு படுப்பியள்?" எத்தனை நாளைக்கு. யோகராணி தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினியில் நின்றாள். சுகந்தி நல்ல பிள்ளை. அவள் அம்மாவின் முன்னறை அது. அங்கே சோபா இருந்தது, கலியாணப் படம் இருந்தது, இப்போது இரண்டு கட்டில்கள். பார்க்கிற மகளுக்கு ஏதோ செய்யும்தானே. கோடையில் வந்தபோது சுகந்தியின் மனுசன் கட்டில்களை மாடிக்குத் தூக்கித் தருவதாகச் சொன்னார். நல்ல வெயில் காலம், ஆனி மாதம், யன்னலெல்லாம் திறந்து கிடந்தது. "விடுங்கோ தம்பி, குளிர் வரப்போகுதுதானே" என்று அத்தான் சொன்னார். ஆனியில். சுகந்தி தகப்பனைப் பார்த்தாள், பிறகு சின்னம்மாவைப் பார்த்தாள், தேங்காய் துருவப் போனாள். அதையும் யோகராணி பல நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். சோம்பலில் சொன்னாரா? இருக்கலாம். கட்டிலை ஒருமுறை இறக்கியதே போதும் என்று சொல்லக்கூடிய ஆள்தான். அவளோ அந்த நேரம் ஏதாவது சொன்னாளா? இல்லை. அவள் மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தி நின்றது, பிறகு வெட்டியது. இரண்டு பேர் ஒன்றும் சொல்லாமல் ஒரு கோடையைக் கடத்திவிட்டார்கள். அதற்குப் பெயர் என்ன? ஊரில் அதற்கு ஒரு பெயர் சொல்வார்கள், அந்தப் பெயர் இதற்குப் பொருந்தாது. அத்தானை அவள் வேறு விதமாகப் பார்க்கவில்லை என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. காலையில் கண் விழிக்கும்போது எதிர்க்கட்டிலில் ஒரு உருவம் போர்வைக்குள் ஏறி இறங்குகிறது. ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழும்புகிறாள். சில நாள் அவர் முன்னமே விழித்து இவளைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவரும் அதைத்தான் பார்க்கிறார் போலும். அதுதான் விஷயம். அதற்குமேல் ஒன்றுமில்லை, அதற்குக் கீழேயும் ஒன்றுமில்லை. அதை எந்த அறையில் கொண்டுபோய் வைப்பது?

மூன்று பேருக்கும் தேத்தண்ணி போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்தபோது மோரீன் கதிரையில் உட்கார்ந்து கைக்கணினியில் வீட்டை வரைந்து முடித்திருந்தாள். வீடு தட்டையாக, கோடுகளாக, ஆட்கள் இல்லாமல் இருந்தது. கூரைப்பரணில் கம்பளம் மாதிரிப் பஞ்சு விரிப்பது, சுவரில் ஓட்டைகள் போட்டுப் பஞ்சை ஊதி நிரப்புவது, பொயிலர், ரேடியேட்டர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நெஞ்சு வருத்தக்காரர் இருக்கிற வீடு என்பதால் முந்திச் செய்யப் பார்ப்பார்கள், கடுங்குளிருக்கு முன் முடிந்துவிடும் என்றாள். அத்தான் பள்ளிக்கூட அதிபராகத் தலையாட்டிக்கொண்டிருந்தார், பாண் அடுப்பைப் பற்றியும் ஒரு கதை சொன்னார், அடுப்பின் சுவரும் இரட்டைச் சுவர்தானாம், இப்போதுதான் அவருக்கு அது நினைவு வந்ததாம். "கடைசியாக ஒன்று" என்றாள் மோரீன். "வேலை முடிந்த பிறகு எந்த அறை எதற்கு என்று எனக்குத் தெரிய வேண்டும். இருக்கிற அறைக்கு ஒரு கணக்கு, படுக்கிற அறைக்கு ஒரு கணக்கு, அதைப் பார்த்துத்தான் ரேடியேட்டரின் அளவைச் சொல்லுவோம். விண்ணப்பத்தில் மாடி முன்னறை உங்களுடையது, மாடிப் பின்னறை இவருடையது, இது இருக்கிற அறை என்று இருக்கிறது. அப்படியே போடட்டுமா?" அத்தான் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்து நுனியில் துடைத்தார், ஒரு பக்கம் துடைத்து மற்றப் பக்கமும் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாருக்கும் பதில் சொல்கிற மனிதர். யோகராணி அவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடி இல்லாத கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், தெளிவாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிற மாதிரி. பயந்திருக்கிறார். அது அவளுக்குப் புதிதாக இருந்தது. இவ்வளவு நாளும் பயம் தன்னுடைய பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தாள். இவருக்கென்ன பயம், இது இவருடைய வீடு, இவரை யாரும் சூட்கேசோடு அனுப்பப்போவதில்லை. ஆனால் மாடியில் ஒரு அறையில் நல்ல சூட்டோடு தனியாகக் கண் விழிப்பது இவருக்கும்தானே. எழும்பிப் பின்னறைப் பக்கம் போய், எல்லாம் சரிதானா என்று ஒரு கதவைத் தட்டிக் கேட்பது. தட்டலாமா என்று யோசிப்பது. மோரீன் அவசரப்படுத்தவில்லை, தேத்தண்ணியை ஊதிக் குடித்தாள். இப்போது காரணம் ஒன்றும் கையில் இல்லை. சளி இல்லை, குளிர் இருக்கப்போவதில்லை, டாக்டர் சொன்னார் என்று சொல்ல முடியாது. வெறுங்கையோடு ஒரு வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது, என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை, அறிய ஆசையாகவும் இருந்தது.

"இல்லை" என்றாள், சலவைக்கூடத்து ஆங்கிலத்தில். "படுக்கிற அறை இதுதான்." மோரீன் நிமிர்ந்து பார்த்தாள். "இரண்டு பேருக்குமா?" "இரண்டு பேருக்கும்." "வேலை முடியும்வரைக்கும்தானே?" "இல்லை. பிறகும்." குரல் கொஞ்சம் உரத்துத்தான் வந்தது, உருளைகளின் சத்தத்துக்கு மேலால் பேசிப் பழகிய குரல். மோரீன் திரையில் ஒரு சொல்லை அழித்து இன்னொரு சொல்லைப் போட்டாள். "அப்போது மாடி அறைகள்?" என்றாள். அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார், அதிபர் திரும்ப வந்துவிட்டார். "அங்கேயும் ரேடியேட்டர் போடுங்கள். என்னுடைய மகள் குடும்பத்தோடு வந்து நிற்பாள். அவளுக்குக் குளிர் ஆகாது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மோரீன் எழுதிக்கொண்டு எழும்பினாள், முழங்காலைப் பிடித்து முனகினாள், பரணையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று படியேறினாள். அறையில் இரண்டு பேரும் ஹீட்டர் எரிகிற சத்தமும். அத்தான் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார்.

"அப்ப சுகந்திக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டார்.

"நீங்கள்தான். உங்கட மகள்."

"நீ சொன்னால் கேப்பாள், ராணி. எனக்கு அவளோட பேச வராது."

"வரும்" என்றாள் யோகராணி. தன்னுடைய கோப்பையை எடுத்துக்கொண்டு கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "நான் இண்டைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டன், அத்தான்."